வாசிக்கக் கூடாத வரிகள்

வானொலியில் எங்கள் கையில் இருக்கும் தாளில் எல்லாமே வாசிப்பதற்கு அல்ல. அடைப்புக்குறிக்குள் "இங்கே சிரிக்கவும்" என்று எழுதியிருப்பார்கள். சேர்ந்த புதிதில் அதையும் நேரலையில் கணீரென்று வாசித்துவிட்டேன். நேயர்கள்தாம் சிரித்தார்கள்.

செபராங் ஜெயாவில் இருக்கும் சித்தி மகனிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, என் தலைவலியும் அதுதான்" என்றான். கணினி படிக்கிறான். பாடத்துக்காகச் சொந்தமாகக் குட்டி நிரல்மொழி ஒன்றைச் செய்கிறான்.

நிரல் எழுதுபவர்கள், பின்னால் படிப்பவருக்காக நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பார்கள். அது மனிதருக்கு, கணினிக்கு அல்ல. நிரலை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொற்களாகப் பிரிக்கும் பகுதிக்கு லெக்சர் என்று பெயர். குறிப்புகளை ஒதுக்குவது பெரும்பாலும் அதன் வேலை.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் # போட்டால், அந்த வரி முடியும்வரை குறிப்பு. சுலபம்தானே? பதிப்பி "புளோக் #5" என்று எழுதினால்? மேற்கோளுக்குள் இருக்கும் # திரையில் வரவேண்டிய எழுத்து. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வெட்டினால் வாக்கியம் பாதியில் தொங்கும். மேற்கோளுக்குள் இருக்கிறோமா, வெளியிலா என்று லெக்சர் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சி மொழியில் /* என்று தொடங்கும் குறிப்பு, முதலில் வரும் */ உடன் முடிந்துவிடும். குறிப்புக்குள் குறிப்பு வைத்தால் மிச்சம் நிரலாகிவிடும். எடுத்த இடத்தில் ஓர் இடைவெளியும் விடவேண்டும். இல்லையென்றால் இருபுறச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும்.

தம்பி மாட்டிக்கொண்டது வேறோர் இடத்தில். பிழை 12ஆவது வரியில் என்றது அவன் மொழி. அங்கே ஒரு குறையும் இல்லை. இரண்டு இரவு தூக்கம் போனது. கடைசியில், மேலே இருந்த எட்டு வரிக் குறிப்பை ஒரே வரியாகச் சுருக்கி ஓட்டினான். அப்போதும் 12 என்றது. இந்த முறை பிழை அங்கேயே இருந்தது! உண்மையில் அது 19ஆவது வரி. குறிப்பைத் தூக்கி எறிந்த லெக்சர், அதற்குள் ஏழு முறை வரி மாறியதையும் எண்ணாமல் விட்டிருந்தது.

எங்களுக்கும் இது உண்டு. "10 நொடி இசை" என்ற குறிப்பை வாசிக்கமாட்டோம். கடிகாரம் அதை விடாது.

குறிப்பைத் தாண்டும்போதும் வரிகளை எண்ணும்படி மாற்றினான். நள்ளிரவு ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பிழை, வரி 19. மேலே இருந்த குறிப்பில், "இங்கே சிரிக்கவும்" என்று எழுதியிருந்தான்.