சௌசௌ வந்த தோட்டம்

கூட்டுக்கும் சாம்பாருக்கும் வாங்கும் சௌசௌவைத் தமிழ்நாட்டில் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் சொல்வார்கள். காரணம் பெங்களூரின் லால்பாக் தோட்டம். 1874இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜான் கேமரூன்தான் அமெரிக்கக் கண்டத்துக் கொடியான இதை அங்கே அறிமுகப்படுத்தியவர் என்கிறது தோட்டக்கலை வரலாறு.

1760இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி போட்ட தோட்டம் அது. டெல்லி, லாகூர், முல்தான் மட்டுமல்ல, நம் ஆற்காட்டிலிருந்தும் அவர் செடிகளை வரவழைத்தார். அவர் மகன் திப்பு கடல் தாண்டியும் விதை தேடினார். தோட்ட வேலையில் கைதேர்ந்த திகளர் சமூகத்தினருக்குத் தமிழ் வேர் உண்டு. பெங்களூரு கரகத் திருவிழாவை இன்றும் நடத்துபவர்கள் அவர்களே. அரசர்களின் பெயர்களோடு இவர்கள் உழைப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் லால்பாகின் கதை முழுமையாகும்.

இன்று 240 ஏக்கர். ஆண்டுதோறும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்து, 1889இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய கண்ணாடி மாளிகைக்குள் அப்போது கால் வைக்க இடமிருக்காது. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஏரிப் பக்கம் நடந்து, பலகை பலகையாய் வேர் விரித்து நிற்கும் முதிய இலவ மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்? திப்பு காலத்தவை எனப்படும் மாமரங்களைத் தேடிப் போகிறவர்கள் இன்னும் குறைவு. தாமரைக் குளத்தருகே ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம். அதற்குக் கண்காட்சி இல்லாத வார நாளே நல்லது.

1908இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல் தோட்டத்தின் வேலியோடு நிற்கவில்லை. ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்க வேண்டும் என்று கணக்கிட்டு நகரத் தெருக்களுக்கு மரங்களைத் தேர்ந்தார். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு சாலைகள் இளஞ்சிவப்பாய் மாறுவதில் அவர் யோசனைக்கும் பங்குண்டு.

2009இல் மெட்ரோவுக்காக லால்பாக் ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2025இல் சுரங்கச் சாலைத் திட்டத்தில் தோட்டத்து நிலமும் இடம்பெற்றதும் மறுபடி போராடினார்கள். தோட்டத்துக்குள் கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. சுரங்கம் தோண்டும் வேலை அந்தப் பாறையையும் ஏரி நீரையும் என்ன செய்யும் என்று போராடியவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.