காசாபிளாங்கா காதற்படமன்று

ஆங்கிலப் படங்களுள் ஈடிணையற்ற காதற்படம் யாது என வினவினால் ‘காசாபிளாங்கா’ என்னும் விடை உடனே வரும். 1942 நவம்பர் 26ஆம் நாள் நியூயார்க் நகரில் முதன்முதல் திரையிடப்பெற்ற அப்படம், எண்பது ஆண்டுகள் கடந்தும் மக்கள் உள்ளத்தினின்றும் அகலவில்லை. அதற்குக் காரணம் கூறப் புகுவோர் பெரும்பாலும் ஒரே பல்லவியைப் பாடுகின்றனர். ஹம்ஃப்ரி போகார்ட்டின் மழைக்கோட்டு, இங்கிரிட் பெர்க்மனின் நீர் ததும்பும் விழிகள், மூடுபனியில் ஒரு பிரிவு. பிரிவுக்குத் தியாகம் என்று பெயர். இவ்வளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

இக்கூற்றை யான் ஒப்பவில்லை. காதலும் பிரிவும் இல்லாத படம் ஹாலிவுட்டில் ஏது? அந்த 1942ஆம் ஆண்டிலேயே அழகிய நடிகையர் கண்ணீர் வடித்த படங்கள் எத்தனையோ வந்தன. பல இன்று பெயரளவிலும் எஞ்சவில்லை. காசாபிளாங்கா மட்டும் ஏன் நின்றது என்பதற்குக் காதல் விடையாகாது. அப்படத்தை வாழ்விப்பது ஒரு காகிதம். கையொப்பமிட்ட, முத்திரையிட்ட, நாட்டை விட்டு வெளியேற இசைவளிக்கும் காகிதம். நடுவணரசின் அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலங்கழிப்பவன் என்பதால் எனக்கு எதிலும் காகிதமே தென்படுகிறது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு நகைக்கட்டும்.

கதை நிகழ்வது 1941 டிசம்பரில், பிரெஞ்சு மொராக்கோவின் துறைமுக நகரில். ஜெர்மானியர்க்குப் பணிந்துவிட்ட விஷி அரசின் ஆட்சி அங்கே நடைபெறுகிறது. படம் தொடங்கியதும் நமக்குக் காட்டப்படுவோர் காதலர் அல்லர், அகதிகள். பாரிசிலிருந்து மார்சேய், அங்கிருந்து கடல் கடந்து ஓரான், பின்னர் ஆப்பிரிக்கக் கரை வழியே காசாபிளாங்கா என்று ஒரு தேசப்படத்தின்மீது அவர்தம் வழி வரையப்படுகிறது. அடுத்த ஊர் லிஸ்பன், அதற்கப்பால் அமெரிக்கா. ஆயின் லிஸ்பன் செல்ல வெளியேற்ற விசா வேண்டும். அது கிட்டாதோர் காத்திருக்கின்றனர். காவலர் ஒருவனை நிறுத்திக் காகிதம் கேட்கின்றனர். அவனிடம் இருப்பது காலாவதியாகி மூன்று வாரம் ஆனது. ஓடுகிறான், சுடப்படுகிறான், மார்ஷல் பெத்தேனின் சுவரோவியத்தின் கீழே விழுந்து சாகிறான். கதாநாயகனின் முகம் இன்னும் திரையில் தோன்றவேயில்லை. காதற்படம் என்போர் இந்த மனிதனை எங்கே வைப்பர்?

பின்னர் ரிக்கின் மதுவிடுதிக்குள் நுழைகிறோம். ஒரு மேசையில் ஒரு பெண் தன் வைர நகையை விற்க முயல்கிறாள். ஊரெங்கும் வைரம் மலிந்துவிட்டதென்று சொல்லி வாங்குபவன் விலையைக் குறைக்கிறான். காவல் தலைவன் ரெனோ விசாவைப் பணத்துக்கும், பணமில்லாத அழகியர்க்கு வேறு விலைக்கும் விற்கிறான். உகார்த்தே என்னும் சிறு திருடனோ, ரெனோ கேட்பதில் பாதிக்கே தான் விற்பதால் தன்னை ஏழைகளின் நண்பன் என எண்ணிக்கொள்கிறான். பல்கேரியாவிலிருந்து வந்த இளமனைவி ஒருத்தி, கணவன் அறியாமல் அந்த வேறு விலையைக் கொடுத்துவிட்டால் அவன் மன்னிப்பானா என்று ரிக்கிடம் வந்து கேட்கிறாள். பல்கேரியாவுக்கே திரும்பிச் செல்லுமாறு ரிக் அறிவுரை கூறுகிறான். சூதாட்ட மேசைக்குச் சென்று, 22ஆம் எண்ணில் பணம் வைக்குமாறு அவள் கணவனிடம் கூறுகிறான். சக்கரம் இருமுறை அவ்வெண்ணிலேயே நிற்கிறது. அப்படத்தில் என் நெஞ்சை மிகவும் உருக்கிய காட்சி அதுதான். அதில் காதல்மொழி ஒன்றேனும் இல்லை.

இனிக் காதலுக்கு வருவோம். பாரிஸ் புகைவண்டி நிலையத்தில் இல்சா வரவில்லை. அவள் எழுதிய கடிதம் வருகிறது. மழையில் மை கரைந்தோடுகிறது. காசாபிளாங்காவில் நள்ளிரவில் அவள் ரிக்கின் அறைக்கு வருவதும் அவனை நாடியன்று. கணவன் லாஸ்லோ உயிர் தப்புவதற்கு வேண்டிய இரு அனுமதிக் கடிதங்களை நாடி வருகிறாள், கையில் துப்பாக்கி. காகிதம் கொடாத காதலனைச் சுடவும் துணிந்து நின்று, பின்னரே காதலை ஒப்புகிறாள். இக்கதையில் காதல் காகிதத்தின் வழியே வருகிறது. காகிதத்தின் வழியே போகிறது.

நம்மவருள் சிலர் இறுதிக் காட்சியைக் கற்பின் வெற்றியெனப் பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இல்சா அங்கே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இருவர்க்குமாகச் சேர்த்துச் சிந்திக்கும் பொறுப்பை முந்தைய இரவே ரிக்கிடம் ஒப்படைத்துவிட்டாள். ஓதல், பகை, தூது எனப் பிரிவுக்குத் தொல்காப்பியம் கூறும் காரணங்களில் பகைக்கு ஓரளவு இப்பிரிவு பொருந்தலாம். ஆயினும் இங்கே பிரிந்து செல்பவள் தலைவி, அனுப்புபவன் தலைவன், உடன் செல்பவனோ கணவன்! நம் அளவுகோலை வலிந்து பொருத்துவதால் யாருக்கும் பெருமையில்லை.

வேறு சிலர், அம்முடிவு தணிக்கையால் நேர்ந்த விபத்து என்பர். மணமானவள் கணவனைத் துறந்து காதலனோடு செல்வதை அன்றைய ஹாலிவுட் ஒழுக்க விதிகள் ஏற்கா என்பது மெய்தான். ஆனால் அதே விதிகள் அவ்வாண்டின் எல்லாப் படங்களையும் கட்டியவையன்றோ? இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோவின் வாதம் இன்னும் நுட்பமானது. பழகித் தேய்ந்த கதைக்கூறுகள் அனைத்தையும் ஒருங்கே திணித்ததால் அவை தமக்குள் உரையாடத் தொடங்கி விழாக் கோலம் கொண்டன என்பது அவர் கருத்தின் சாரம். அறிஞர் கூற்று, ஆயினும் அந்த வைர நகைக்காரியும் காலாவதிக் காகிதத்தோடு செத்தவனும் பழங்கதைகளிலிருந்து பொறுக்கியெடுத்த பொம்மைகள் அல்லர். படத்தின் மூலமான நாடகத்தை ஜோன் ஆலிசனோடு சேர்ந்து எழுதிய மர்ரே பர்னெட், 1938இல் நாஜிகள் வசப்பட்ட வியன்னாவுக்குச் சென்று யூத உறவினர்க்கு உதவியவர். கதையின் கரு அங்கே விழுந்தது.

நடித்தோர் யார் என்று பாருங்கள். சூதாட்ட மேசைப் பணியாளனாக வரும் மார்செல் தாலியோவும், ரிக்கால் கைவிடப்பட்ட இவோனாக வரும் மாட்லென் லெபோவும் அப்போது மெய்யாகவே கணவன் மனைவியர். 1940இல் பாரிசை விட்டோடி லிஸ்பன் சேர்ந்து, சிலி நாட்டு விசா பெற்றுக் கப்பலேறினர். மெக்சிகோவில் அந்த விசாக்கள் போலி எனத் தெரியவர, நடுவழியில் நின்றனர். கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டே அவர்களைக் கரையேற்றியது. விடுதிப் பணியாளனாக வரும் எஸ். இசட். சக்காலின் சகோதரியர் நாஜி முகாம்களில் மாண்டனர். பல்கேரியக் கணவனாக நடித்த ஹெல்மட் டான்டீன் ஆஸ்திரியாவில் முகாமில் அடைபட்டிருந்தவர். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட்டும் நாஜிகளை வெறுத்து 1933இல் ஜெர்மனியை நீங்கியவரே. விடுதியில் ஜெர்மானியர் பாட்டை அமிழ்த்தி ‘மார்செய்யேஸ்’ எழும் காட்சியில் லெபோவின் கன்னத்தில் வழியும் நீரை வெறும் நடிப்பென்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அத்தகைய மந்திரக் கடிதங்கள் உலகில் எங்கும் இருந்ததில்லை என்று குற்றங் காண்போரும் உளர். இருந்ததில்லைதான். எவரும் கேள்வி கேட்கவோ நீக்கவோ இயலாத ஒரு காகிதம்! காத்திருப்போரின் கனவு வேறு எவ்வடிவில் இருக்கும்? மெய்யான காகிதங்களின் கதையை அறிய வேண்டின், 1940 செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையிலுள்ள போர்ட்போவில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பென்யமினை நினைக்கலாம். அவரிடம் அமெரிக்க விசா இருந்தது. இல்லாதது பிரான்சின் வெளியேற்ற அனுமதி ஒன்றே.

படத்தின் மெய்யான குறை வேறு. அதைக் காதற்பித்தர் எவரும் சொல்வதில்லை. அமெரிக்காவை அது வாயில் திறந்து காத்திருக்கும் வீடாகக் காட்டுகிறது. உண்மை அதுவன்று. அந்நாட்டு அயலுறவுத் துறையின் உயர் அலுவலர் பிரெக்கின்ரிட்ஜ் லாங், 1940 ஜூனில் எழுதிய குறிப்பொன்றில், தடைமேல் தடை வைத்து விசாவை இழுத்தடிக்குமாறு தூதரகங்களுக்குச் சொன்னாலே அகதிகள் வருகையை நிறுத்திவிடலாம் என்று வழி வகுத்தார். சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கோப்பு மேசையிலேயே கிடந்தால் போதும். அதே ஜூனில் பிரான்சின் போர்தோ நகரில் போர்த்துகலின் தூதரக அதிகாரி அரிஸ்டிடஸ் டி சூசா மென்டஸ், தம் அரசின் ஆணையை மீறி ஆயிரக்கணக்கானோர்க்கு விசாவில் கையொப்பமிட்டார். அதற்காகப் பதவி இழந்து, 1954இல் வறுமையில் இறந்தார். இருவரும் செய்தது மேசையில் அமர்ந்து செய்யும் வேலையே. போகார்ட்டின் மழைக்கோட்டைப் பற்றி எழுதப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்கேனும் மென்டஸின் பேனாவைப் பற்றித் திரை விமரிசகர் எழுதியதுண்டா?

தியாகம், தியாகம் என்று இவர்கள் போற்றும் அந்த விமான நிலையக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ரிக் முதலில் காதலைப் பற்றிப் பேசவில்லை. கடிதங்களை ரெனோவிடம் நீட்டி, வெற்றிடங்களில் பெயர்களை நிரப்பச் சொல்கிறான். அதிகாரியே எழுதினால் இன்னும் முறையாக இருக்குமென்று சிறு நகைச்சுவை வேறு. பின்னர் ரிக் லாஸ்லோவையும் அவன் மனைவியையும் சொல்கிறான். தான் போகப்போவதை இல்சா அறிவது அப்போதுதான். எட்டு பத்தாண்டுகளாக உலகம் அழுதுகொண்டிருக்கும் அந்தப் பிரிவு, ஒரு படிவத்தின் இரண்டு வரிகளை நிரப்பியதில் நிகழ்ந்து முடிந்துவிட்டது. அதன் பிறகு பேசப்பட்டதெல்லாம் விளக்கவுரை.