ஆவணம் அமைப்பின் கையில் இருக்க வேண்டும்: கலை அமைப்புகளும் சமூக ஊடகங்களும் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயங்கும் சிறு கலை அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு முகநூல் பக்கமும் வாட்ஸ்அப் குழுவுமே இன்று அறிவிப்புப் பலகை. செலவு இல்லை, கைப்பேசி வைத்திருக்கும் உறுப்பினர் எவரும் நடத்திவிடலாம். ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்தை வளைகுடாவில் வேலை செய்பவர் நேரலையில் பார்க்க முடிகிறது. பெருந்தொற்றின்போது, 2020 டிசம்பரில், சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் பெருமளவில் இணையத்துக்கு மாறின. சமூக ஊடகங்களை விட்டு அமைப்புகள் விலக வேண்டும் என்று இவ்வறிக்கை கேட்கவில்லை. ஆட்களை அழைக்க அவை போதும். ஆவணங்களைக் காக்கப் போதாது என்பதே நிலைப்பாடு.

பிறருடைய தளத்தில் வைத்த பொருள் பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டது. ஜியோசிட்டீஸ் 2009-இலும் கூகுள் பிளஸ் 2019-இலும் யாஹூ குழுமங்கள் 2020-இலும் மூடப்பட்டன. மைஸ்பேஸ் தளத்தில் 2015-க்கு முன் ஏற்றிய பாடல்கள் வழங்கி மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. வேறு பிரதி வைத்திராத இசைக்குழுக்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கவில்லை. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அதையே மேடையாக நம்பியிருந்த கிராமியக் கலைஞர்கள் சேர்த்த பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள். தடையின் சரி தவறு இங்கே பேச்சல்ல. மாற்று இடம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

வேறு வழி உண்டு என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களைத் தன் சொந்தத் தளத்தில் இலவசமாகத் தருகிறது. முன்பு டிஸ்கி குறியாக்கத்தில் இருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவும் அதனால் முடிந்தது. கோப்புகள் கையில் இருந்ததால்தான் அது நடந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதன் வலியை அறிந்த சமூகத்திலிருந்து 2005-இல் எழுந்தது நூலகம் நிறுவனம். இதழ்களையும் சிறு பிரசுரங்களையும், ஏன், நினைவு மலர்களையும்கூட மின்வருடி, பட்டியலிட்டு, எவரும் தரவிறக்கும்படி வைத்திருக்கிறது. இரண்டு முயற்சிகளும் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தவை. ஆகவே பணமில்லை என்பது முழுமையான பதிலாகாது.

நிகழ்ச்சிப் பதிவின் மூலக் கோப்பை அமைப்பே வைத்திருக்க வேண்டும். அதன் இரண்டு பிரதிகளாவது வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேர்கிறது. அது மூலம் ஆகாது. ஆடியவர், வாசித்தவர், இடம், நாள் ஆகிய குறிப்பு இல்லாத காணொளி சில ஆண்டுகளிலேயே யாருடையது என்று தெரியாமல் போகும். தளப்பெயரும் கணக்குகளும் ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாவது இன்று மிகப் பரவலான தவறு. அவர் விலகினால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பொறுப்பாளர்கள் குறைந்தது இருவர் வேண்டும்.

ஒப்புதல் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூத்துக் கலைஞருக்குப் பேசிய கூலி அந்த இரவு ஆட்டத்துக்கானது. அதைக் காலமெல்லாம் யூடியூப்பில் வைத்திருக்கத் தனி ஒப்புதலும், விளம்பர வருவாய் வந்தால் பங்கும் தர வேண்டும். காப்பகக் குழந்தைகளின் முகத்தைக் காட்டி நன்கொடை கேட்கும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாதது.

செயற்குழுக்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தளப்பெயருக்கும் சேமிப்புக்கும் தனித் தொகை ஒதுக்க வேண்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தரும் புரவலர்கள் ஆவணப்படுத்தும் செலவையும் ஏற்க முன்வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.