எந்த ஸ்மார்ட் போன் நல்லது? பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் போனைப் பற்றியதாகவே இருக்கிறது. (முதல் கேள்வி, ஆன்ட்டி வைரஸ் வாங்க வேண்டுமா என்பது. விண்டோஸில் உள்ள டிபெண்டரே வீட்டுக்குப் போதும்.) "ஏனுங் சார், கம்ப்யூட்டருக்குத்தான் இத்தனை ரூபாய் போட்டாச்சு, போனையும் சேத்து மாத்திரலாம்னு பாக்கறனுங்க. ஐபோன் வாங்கறதுங்களா, ஆண்ட்ராய்டுங்களா?" என்று கேட்கிறார்கள். கையில் கடையில் கொடுத்த ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று இருக்கும். பெருந்துறையில் எந்த போன் கடைக்குப் போனாலும் இந்தப் பட்டியல்தான் முதலில் நீட்டப்படுகிறது.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16-ஐயும் அடுத்த மாதம் இந்தியாவில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதன்மைக் கேமரா ஐபோனில் 48 மெகா பிக்ஸெல், சாம்சங்கில் 50. இரண்டிலும் ராம் நினைவகம் 8 ஜிபி. இரண்டும் 128 ஜிபி ஸ்டோரேஜில் தொடங்குகின்றன. சாம்சங்கில் மெமரி கார்டு போடலாம், ஐபோனில் முடியாது. அறிமுக விலை? ஐபோன் 79,900 ரூபாய், சாம்சங் இருபதாயிரத்திற்குள். பட்டியலை மட்டும் நம்பினால் ஐபோன் வாங்குபவர் எல்லாம் ஏமாளிகள் என்றுதான் முடிவு கட்ட வேண்டும். அது உண்மையல்ல. இரண்டையும் ஒரு நாள் கையில் வைத்திருந்தால், எது எவ்வளவு வேகம், இருட்டில் எது நன்றாகப் படம் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்த அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம் உங்கள் வேலைக்குப் பயன்படுமா என்பதைப் பட்டியல் சொல்லாது.

இது புதிய விஷயம் அல்ல. ஐபோன் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 2008 ஆகஸ்ட் 22 அன்று. 8 ஜிபி மாடலின் விலை 31,000 ரூபாய். கேமரா 2 மெகா பிக்ஸெல். ஆட்டோ போகஸ் இல்லை, வீடியோ எடுக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்ட நோக்கியா என்95 போனில் கார்ல் ஜெய்ஸ் லென்ஸுடன் 5 மெகா பிக்ஸெல் கேமரா இருந்தது, வீடியோவும் எடுத்தது. இமெயிலில் பிளாக்பெர்ரியை யாரும் நெருங்க முடியவில்லை. பட்டியல்படி பார்த்தால் ஐபோன் தோற்றுப் போன போன். நடந்தது என்ன? 2014 ஜனவரியிலிருந்து சிம்பியன் போன்களுக்கான புதிய புரோகிராம்களை ஏற்பதை நோக்கியா நிறுத்திவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. (அந்த வளாகத்தைப் பின்னர் வாங்கியது ஐபோனுக்கு சார்ஜர் தயாரித்துத் தரும் சால்காம்ப் நிறுவனம்!) பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. ஒரு போனை வாங்கும்போது அதன் சிஸ்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அது எத்தனை ஆண்டு உயிருடன் இருக்கும் என்ற வரி அன்றைய பட்டியல்களில் இல்லை.

இன்று அந்த வரியைக் கேட்டு வாங்கலாம். கேலக்ஸி ஏ16-க்கு ஆறு ஆண்டுகள் அப்டேட் தருவதாக சாம்சங் சொல்கிறது. கூகுள் பிக்ஸெல் 8, சாம்சங் எஸ்24 முதலான விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு ஆண்டுகள். ஆப்பிளைப் பொறுத்தவரை நடைமுறையைப் பார்க்கலாம். 2018-ல் வெளியாகி, 2019-லிருந்து சென்னை அருகிலும் தயாரான ஐபோன் எக்ஸ்ஆர், 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 வரை பெற்றது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே, "ஆண்ட்ராய்டு என்றால் இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும்" என்ற பேச்சு எல்லா போனுக்கும் பொருந்தாது. அதே நேரத்தில், எத்தனை ஆண்டு என்று சொல்லவே சொல்லாத கம்பெனியின் போனை, எவ்வளவு மெகா பிக்ஸெல் இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது கேமராவுக்கு வருவோம். நம் ஊரில் இது வெறும் விளையாட்டுச் சாதனம் அல்ல. சென்னிமலையில் பெட்ஷீட் நெய்பவர் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பிடிக்கிறார். மஞ்சள் வியாபாரி விரலியையும் கிழங்கையும் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார். இவர்களுக்கு வேண்டியது அழகான படம் அல்ல, உண்மையான நிறம். ஸ்மார்ட் போன் கேமராக்கள் எல்லாமே, படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தைத் தாமாகவே மாற்றுகின்றன. டியூப் லைட்டில் எடுத்தால் ஒரு சாயல், வெயிலில் எடுத்தால் வேறு சாயல். மெரூன் பெட்ஷீட் சிவப்பாகப் போய்ச் சேர்ந்தால், சரக்கு திரும்பி வரும். லாரி வாடகை யார் தலையில்?

இந்த வேலைக்கு விலை உயர்ந்த போன்தான் வேண்டும் என்பதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமராவில் புரோ என்று ஒரு மோட் தரப்பட்டுள்ளது. அதில் ஒயிட் பேலன்ஸ் என்பதை நாமே நகர்த்தி, கண்ணில் படும் நிறத்துக்குக் கொண்டு வரலாம். ஐபோனில் உள்ள கேமராவில் போட்டோவுக்கு இப்படி நேரடியாக அமைக்கும் வசதி இல்லை. தனி ஆப் போட வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல சாம்சங் போன்களில் திரை விவிட் என்ற அமைப்பில் இருக்கும். அதை நேச்சுரல் என மாற்றிவிட்டுப் படத்தைப் பாருங்கள். ஐபோன் என்றால் ட்ரூ டோனை ஆப் செய்திடுங்கள். இல்லையென்றால் படம் சரியாக இருந்தாலும் உங்கள் திரை பொய் சொல்லும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால், படம் சுருக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.

படம் எடுத்தாயிற்று. எங்கே வைப்பது? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேமராவும் இமெயிலும் தனித்தனி வசதிகள் என்று பட்டியல் காட்டுகிறது. கூகுளில் இரண்டும் ஒரே பானைச் சோறு! ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி இலவசம். எத்தனை படம் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற பழைய சலுகை 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக் அப்பும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. காது குத்து, கல்யாணச் சீர் என்று 4கே வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த 15 ஜிபி ஒன்றரை மணி நேரத்துக்குக் கூட வராது. நிமிடத்துக்கு 170 எம்பி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பானை நிரம்பினால் என்ன ஆகும்? படம் ஏறுவது நிற்பதோடு முடிவதில்லை. ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். பிளஸ் டூ முடித்த பெண் பொறியியல் கலந்தாய்வுத் தகவலுக்காகக் காத்திருக்கிறாள். அப்பாவின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். அப்பாவின் கணக்கோ குலதெய்வம் கோயில் வீடியோக்களால் நிறைந்து கிடக்கிறது. இமெயில் வரவில்லையே என்று நெட்வொர்க்கைத் திட்டிப் பயனில்லை.

ஐபோனில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஐகிளவுடில் 5 ஜிபி மட்டுமே இலவசம்; மூன்றில் ஒரு பங்கு. சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் ஐபோனில் ஜிமெயில் முகவரியைப் பயன்படுத்துபவருக்கு, படங்கள் ஐகிளவுடை நிரப்பினாலும் கடிதங்கள் தடைப்படாது. இரண்டும் வேறு வேறு பானைகள். இதற்காக அறுபதாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா? தேவையில்லை. ஆண்ட்ராய்டில் படத்துக்கு ஒரு கூகுள் கணக்கு, பள்ளி, வங்கி, ஜிஎஸ்டி கடிதங்களுக்கு வேறு ஒரு கணக்கு என்று பிரித்து வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

அதைவிட நல்லது, நீங்கள் இப்போது வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால், டிசிஐஎம் என்ற போல்டரில் எல்லாப் படங்களும் இருக்கும். காப்பி செய்திட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒட்டுங்கள். ஐபோனையும் இணைக்கலாம், திரையில் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும், சம்மதம் கொடுத்தால் போதும். ஆனால் படங்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் இருப்பதால் சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் திறக்காமல் முரண்டு பிடிக்கும். ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, பார்மட்ஸ் சென்று, மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் பைலாகக் கிடைக்கும். கேபிளில் வேகம் எதிர்பார்க்காதீர்கள். ஐபோன் 16-ல் யு.எஸ்.பி. சி இருந்தாலும், உள்ளே பழைய யு.எஸ்.பி. 2 வேகம்தான். இந்த விலைக்கு இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

பிரவுசிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பட்டா, சிட்டா பார்க்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் இரண்டு வகை போனும் போதும். ஐபோனில் குரோம் போட்டாலும் இந்தியாவில் அதன் உள்ளே இயங்குவது சபாரியின் என்ஜின்தான் என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸுக்கான சபாரி 2012-க்குப் பிறகு வரவில்லை. எனவே வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், எந்த போனாக இருந்தாலும் இரண்டிலும் குரோம் அல்லது பயர்பாக்ஸ் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால், புக்மார்க்குகள் இரண்டு இடத்திலும் கிடைக்கும். தமிழைப் பற்றியும் கவலை வேண்டாம். ஆப்பரா மினியில் தமிழ் எழுத்தைப் படமாக மாற்றிப் படித்த காலம் போய்விட்டது. ஐபோனில் 2013 முதல் தமிழ் கீ போர்டு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு இருக்கிறது.

ஆப் விஷயத்தில்தான் நான் ஐபோன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எண்ணிக்கைக்காக அல்ல. போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. பைல்கள் வருகின்றன. ஆண்ட்ராய்டில் அதைத் தட்டி, கேட்கும் அனுமதிகளை எல்லாம் கொடுத்துவிட்டால், ஓடிபி எஸ்எம்எஸ் திருடனுக்குப் போய்விடும்; கணக்கு காலி. ஐபோனில் ஏ.பி.கே. பைல் திறக்கவே திறக்காது. (போலி லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஐபோனும் காப்பாற்றாது.) கொப்பரை ஏலப் பணம் முழுவதும் ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு, வருகிற லிங்க்கை எல்லாம் தட்டிப் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவருக்கு ஐபோன் வாங்கித் தருவதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டுதான் என்றால், செட்டிங்ஸில் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்ற பகுதியில், வாட்ஸ்அப், குரோம் உள்ளிட்ட எதற்கும் அனுமதி இல்லாதபடி இன்றே அமைத்திடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

கல்லூரியில் சேரும் பையன் மாதத் தவணையில் ஐபோன் கேட்கிறான் என்கிறார்கள். என் கருத்து, வேண்டாம். இருபதாயிரத்தில் ஆறு ஆண்டு அப்டேட் உள்ள போன், ஒரு 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், மீதிப் பணத்துக்கு அவன் படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் ராம். பெட்ஷீட், மஞ்சள் வியாபாரம் செய்பவருக்கும் இதே யோசனைதான். புரோ மோட் இருக்கிறதா என்பதை மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சரக்கில் ஒரு துண்டு எடுத்துச் செல்லுங்கள். விரலி மஞ்சள் ஒன்று, அல்லது ஒரு முழம் துணி. கடை விளக்கில் ஒரு படம், வாசலில் வெயிலில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் உங்கள் போனுக்கு டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் திரையில் துணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, அடுத்த கடை இருக்கிறது. பெருந்துறையில் சரிப்படவில்லை என்றால், ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால் ஆயிற்று.