தீனி தின்னாத கோழியும் நம் கடமையும்



தோட்டப்புற வாழ்வில் கோழிக்கு என்றுமே தனியிடம் உண்டு. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் வீட்டின் பின்புறத்தில் நாலைந்து கோழிகள் மேயும் காட்சி இன்னும் மறையவில்லை. பிள்ளைக்கு முட்டை, விருந்தினருக்குக் கறி, அவசரச் செலவுக்குச் சிறு காசு, குலதெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று பெரியவர்களுக்குக் கோழி பலவகையில் பயன்படுகிறது. சிறுவர்க்கோ அது தோழன். பெயரிட்டு அழைத்தால் ஓடிவரும் தோழன்!

அத்தகைய கோழி ஒருநாள் காலையில் இறைத்த அரிசியைத் திரும்பியும் பாராமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றால் வீட்டில் என்ன நடக்கிறது? “சாவதற்குமுன் அறுத்துக் கறியாக்கிவிடு” என்பார் ஒருவர். “அலகைப் பிளந்து சோற்றை ஊட்டு” என்பார் மற்றொருவர். “கோழிதானே, கிடக்கட்டும் விடு” என்பார் வேறொருவர். குழந்தையோ கண் கலங்கி நிற்கும். இம்மூன்று யோசனைகளுமே தவறானவை என்பது நமது கருத்து. தின்னாத கோழிக்கு வேண்டிய முதல் மருந்து கவனம். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த மருத்துவ நெறி. அந்நெறி மனிதருக்கு மட்டும் உரியதன்று.

கோழி தன் நோயை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. செம்பனைக் காடுகளின் ஓரத்தில் இன்றும் காணப்படும் காட்டுக்கோழியின் வழிவந்ததே நம் வீட்டுக்கோழி. காட்டில் சோர்ந்து நிற்கும் பறவையைத்தான் பகைப்பிராணி முதலில் கவ்வும். ஆகவே, இயன்றவரை நலமாக இருப்பதுபோல் நடமாடுவது அதன் இயல்பாயிற்று. அது வெளிப்படையாகத் தீனியை வெறுக்கும்போது நோய் ஏற்கெனவே முற்றத் தொடங்கியிருக்கலாம். “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது” என்று நாம் வியப்பதற்குக் காரணம் இதுவே. நாளும் ஒருமுறை கோழிகளை உற்றுப் பார்க்கும் வீட்டில் இவ்வியப்பு நேர்வது குறைவு.

தின்னாதிருப்பதெல்லாம் நோயும் அன்று. அடைகாக்கும் கோழி இருபத்தொரு நாளும் முட்டையின்மேல் அமர்ந்திருக்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்து சிறிது தின்று, நீர் அருந்திவிட்டு மீண்டும் அமரும். அதனை நோயாளி என்று எண்ணித் தூக்கி அலைக்கழித்தல் ஆகாது. பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைக்கும் காலத்திலும் சில கோழிகள் சோர்வாகக் காணப்படும். கடும் வெயிலில் அலகைத் திறந்து மூச்சிரைக்கும் கோழி நிழலையும் நீரையுமே தேடும், தீனியை நாடாது. வெயில் தாழ்ந்ததும் அது மேயத் தொடங்கினால் கவலையில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தீனிப்பை. கோழிக்குப் பல் இல்லை. அது கொத்தி விழுங்கும் இரை முதலில் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே உள்ள தீனிப்பையில் தங்கும். பிறகு உள்ளே சென்று, கோழி விழுங்கிய சிறு கற்களின் உதவியால் அரைபடும். நலமுள்ள கோழியின் தீனிப்பை மாலையில் நிறைந்திருக்கும்; மறுநாள் காலையில் வெறுமையாகிவிடும். காலையிலும் அது கல்லைப்போல் இறுகியிருந்தால் ஏதோ அடைத்திருக்கிறது என்று அறியலாம். நீண்ட லாலான் புல், சாக்கு நூல், பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டு ஆகியவை இவ்வாறு அடைப்பதுண்டு. அது நீர்ப்பைபோல் தளதளத்து, வாயில் புளித்த வாடை வீசினால் உள்ளிருக்கும் இரை கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஏற்கெனவே நிறைந்திருக்கும் பையில் மேலும் சோற்றைத் திணிப்பது உதவியா, துன்பமா என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

தீனிப்பை வெறுமையாக இருந்தும் கோழி தின்னவில்லையெனில் காரணம் வேறிடத்தில் இருக்கும். எச்சத்தைப் பாருங்கள். அதில் இரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். குஞ்சுகளை இது விரைவில் வீழ்த்திவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது கொடிய வெள்ளைக் கழிச்சல் நோயின் அறிகுறி. முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்ட பெட்டைக்கோழி முக்கியபடி நிற்கும். குடற்புழுவும், இறகினுள் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் உண்ணியும் கோழியை மெல்ல மெல்ல இளைக்கச் செய்யும். தோட்டப்புறத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செம்பனை மரத்தடியில் வைக்கப்படும் எலி மருந்தையோ, களைக்கொல்லி தெளித்த புல்லையோ கோழி கொத்தியிருக்கக் கூடும். எங்கே மேய்ந்தது, என்று தொடங்கி இவ்வாறு இருக்கிறது, வேறு கோழிகளும் சோர்ந்துள்ளனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் கால்நடை மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

காரணம் தெரியும்வரை செய்யத்தக்க பணிவிடை எளியதே. முதலாவதாக, நோயுற்ற கோழியை மற்றக் கோழிகளிடமிருந்து பெரியவர் ஒருவர் பிரித்து வைக்க வேண்டும். காய்ந்த பழந்துணியோ செய்தித்தாளோ விரித்த அட்டைப் பெட்டி போதும். மழைச்சாரலும் காற்றும் படாத, நாயும் பூனையும் நெருங்காத இடமாக அது அமைய வேண்டும். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை, நம்முடையதைவிட மிகுதி. தின்னாத கோழியால் அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. எனவேதான் அது இறகைச் சிலிர்த்து நிற்கிறது. அதற்குக் கதகதப்பு தேவை.

இரண்டாவதாக, தீனியைவிட நீரே முதன்மை. தூய நீரை ஆழமற்ற பாத்திரத்தில் அருகில் வையுங்கள். கோழி தானாக அருந்தாவிட்டால் அலகின் நுனியை மட்டும் மெதுவாக நனைத்துவிடலாம். வாயைப் பிளந்து நீரை ஊற்றுவது பெருந்தவறு. கோழியின் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாயில் இருக்கிறது. ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் புகுந்தால், நோயால் சாகாத கோழி நம் அன்பால் செத்துவிடும்! நீரை ஏற்றுக்கொண்ட பிறகு, தீனிப்பை அடைபடாத கோழிக்கு, ஊறவைத்த தீனியையோ மசித்த அவித்த முட்டையையோ சிறிதளவு வைத்துப் பார்க்கலாம். நம் நாட்டு வெயிலில் ஈரத்தீனி விரைவில் புளித்துவிடும். மிஞ்சியதை உடனுக்குடன் அகற்றிவிட வேண்டும்.

மூன்றாவதாக, ஊகத்தால் மருந்து கொடுத்தல் கூடாது. வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும், யாரோ மிச்சம் வைத்த மருந்துத் தூளை நீரில் கலப்பதும் வழக்கமாகிவிட்டன. தவறான மருந்து நோயைத் தீர்க்காது. சில மருந்துகளின் எச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் தங்கி நம் உடலுக்கே வந்து சேரும். ஒரு நாளில் தேறாத கோழியைக் குறித்து மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் ஆலோசனை கேட்பதே முறை. கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி, கத்தியைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். “வளர்த்த கோழி வீணாகச் சாவதா? காசு நட்டமன்றோ?” என்று கேட்பவரை நாம் குறைகூறவில்லை. அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பங்களுக்கு ஒரு கோழி சிறு சொத்து. அது கண்முன்னே சாவதைப் பார்க்க மனம் ஒப்பாது. ஆயினும், நன்றாகச் சமைத்தால் கிருமி மடியும் என்பது கதையின் பிற்பகுதியே. அதற்கு முன் கோழியைப் பிடிக்கும் கை, அறுக்கும் கத்தி, இறகு பறிக்கும் இடம், குடலை வீசும் கால்வாய் ஆகிய அனைத்திலும் கிருமி பரவிவிடுகிறது. பக்கத்திலேயே குழந்தை நின்று வேடிக்கை பார்க்கிறது. எலி மருந்தைத் தின்ற கோழியாயின், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1997-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எச்-5 என்-1 என்னும் பறவைக் காய்ச்சல் பதினெட்டுப் பேரைத் தொற்றியது; அவர்களுள் அறுவர் மாண்டனர். 2004-ஆம் ஆண்டு அந்நோய் நம் நாட்டில் கிளந்தான் மாநிலக் கோழிகளிடம் தோன்றியது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோவை அடுத்த பாயா ஜெராஸ் கம்பத்துக் கோழிகளிடம் கண்டறியப்பட்டது. தலைநகரிலிருந்து கோல சிலாங்கூருக்கு வரும் சாலையில் நாம் கடந்து வரும் ஊர்தான் சுங்கை பூலோ. அங்கே நோய் கண்டது பெரும் பண்ணையில் அன்று. நம்மைப் போன்றோர் வீட்டைச் சுற்றி வளர்த்த நாட்டுக்கோழிகளிடம். ஒரு கோழி சோர்ந்தால் பணிவிடை செய்யலாம். பல கோழிகள் அடுத்தடுத்துச் சாய்ந்தால் தொடவே கூடாது. கால்நடை அலுவலகத்திற்கு உடனே அறிவிப்பதே கடமை.

வருமுன் காப்பதைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு அறிஞர்கள் இட்ட பெயர் நியூகாசில் நோய். 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவிலும் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இராணிக்கெட் என்னும் மலையூரின் பெயரால் அதனை அழைப்பர். வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்கும் மருந்து உண்டு. ஆனால், அத்தடுப்பு மருந்தைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. மரத்திலும் புதரிலும் அடையும் கம்பத்துக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பதும் அரிதாயிற்று. 1980-களில், செர்டாங்கிலிருந்த அந்நாளைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளரும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கித் தீனியிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தனர். பெரும் பண்ணைக்காக அன்று, ஏழைகளின் கொல்லைக் கோழிக்காகவே அறிஞர்கள் பாடுபட்டனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

அம்முயற்சியில் நமக்கொரு பாடமும் இருக்கிறது. தீனியில் கலந்த மருந்து, தின்னும் கோழிக்குத்தான் போய்ச் சேரும். தின்ன மறுத்து நிற்கும் கோழிக்கு அதனால் என்ன பயன்? பாதுகாப்பு என்பது கோழி நலமாகக் கொத்தித் தின்னும் நாளிலேயே தொடங்க வேண்டும். தடுப்பு மருந்தை எப்பொழுது, எவ்வாறு கொடுப்பது என்று கால்நடை அலுவலகத்தில் கேட்டறிவதும், கூண்டை உலர்ந்ததாக வைத்திருப்பதும், புதிதாக வாங்கிய கோழியைச் சில நாள் தனியே வைத்துப் பார்ப்பதும் செலவு மிகுந்த செயல்கள் அல்ல. அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செய்தால் இன்னும் எளிது. ஒரு வீட்டுக் கோழி மட்டும் காக்கப்பட்டால் போதாது; கோழிக்கு வேலி தெரியாதன்றோ?

மாணவச் செல்வங்களே! உங்கள் கோழிக்காக நீங்கள் கவலைப்படுவது பெருமைக்குரிய குணம். அதனால் அதனை முத்தமிடவோ, படுக்கைக்குக் கொண்டுசெல்லவோ வேண்டா. நலமான கோழியைத் தொட்டாலும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். நோயுற்ற கோழியைத் தொடும் வேலையைப் பெரியவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் தள்ளி நின்று பார்த்து எழுதுங்கள். காலையில் நீர் அருந்தியதா, எச்சம் எந்நிறம், மாலையில் எழுந்து நடந்ததா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அறிவியல் பாடத்தில் உற்றுநோக்கல் என்று படிப்பது இதுவேயாகும்.

பெற்றோர் பெருமக்களே! “ஒரு கோழிக்கா அழுகிறாய்?” என்று பிள்ளையை நகைக்காதீர்கள். கறிக்காக வளர்க்கும் கோழிக்கும் உயிருள்ளவரை துன்பமின்றி வாழும் உரிமை உண்டு. தேறாது என்று மருத்துவர் கூறினால், அதன் துன்பத்தை நீட்டாமல் முடிப்பதும் ஒருவகைக் கருணையே. இறந்த கோழியை ஆற்றிலும் கால்வாயிலும் எறியாமல், கிணற்றுக்கும் நீரோடைக்கும் தொலைவில் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். கறியாக்கிவிட்டு, ஓடிப்போயிற்று என்று பொய் சொல்வதைவிட அது மேலானது.

பேச இயலாத உயிர் தன் நோயைச் சொல்வதற்கு வைத்திருக்கும் ஒரே மொழி, தின்ன மறுப்பது. அம்மொழியை அறியக் கற்ற பிள்ளை, நாளை வீட்டில் முதியவர் ஒருவர் சோற்றைத் தள்ளி வைத்தாலும், வகுப்பில் நண்பன் பசித்து வாடினாலும் கண்டுகொள்ளும். இப்பயிற்சியை நம் பிள்ளைகளுக்கு அளிப்பது வீட்டாரின் கடமை. அதற்குத் துணைநிற்பது பள்ளியின் கடமையாகும்.