பெருநாள் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போகாது

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டிலிருந்து கொம்பியூட்டரில் வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளும், சின்னதாக ஒன்லைன் வியாபாரம் நடத்துகிற ஆக்களும் பொறுமையாக வாசியுங்கோ.

எங்களிடம் உயர்தரத்தில் ஐசிடி படித்த பிள்ளை ஒருத்தி, வெளிநாட்டுக்கு உடுப்பு அனுப்பி விற்கிற ஒரு கடைக்கு விளம்பர வேலை செய்கிறாள். உடுப்புத் தைப்பவர்கள் எங்கள் தென்மராட்சிப் பெண்கள். வீட்டில் வைத்துத் தைக்கிறார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. 2025 நோன்புப் பெருநாளுக்கு அந்தக் கடையின் விளம்பரம் பிந்திவிட்டது. பெருநாளைக்கு முன் லண்டனுக்குப் பார்சல் போய்ச் சேரக்கூடிய கடைசி நாள் கடந்த பிறகுதான் ஓடர்கள் வரத் தொடங்கின. வந்த வேகத்தில் நின்றும் போயின. இரண்டாம் தவணைத் துணி வெட்டப்படவே இல்லை. தைக்கிறவர்களுக்கு அந்த மாதம் வேலை குறைவு, கூலியும் குறைவு. பழி முழுக்க அந்தப் பிள்ளையின் தலையில்.

"சேர், நான் போன வருசத்தை அப்படியே கொப்பி பண்ணித்தானே செய்தனான்" என்று அழுதாள்.

பிழை அந்த "அப்படியே"யில்தான் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது.

அவர்கள் பாவிப்பது ஜிரா என்ற மென்பொருள். கடையின் இணையத்தளத்தைச் செய்த டெவலப்பர்மார் அதில்தான் வேலை செய்கிறார்கள், ஆகவே விளம்பரக்காரருக்கும் அதிலேயே ஒரு கணக்கு. எங்கள் பக்கத்தில் இது வழமை. யாழ்ப்பாணத்தில் ஐடி வளர்ந்ததே மென்பொருள் செய்கிறவர்களால். யாழ் ஐடி ஹப் போன்றவர்களும் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைப்பது எதையாவது செய்து காட்டத்தான். அதனால் விற்கிறவனுக்கும் கணக்கு எழுதுகிறவனுக்கும் செய்கிறவனின் ஆயுதமே கைக்கு வருகிறது.

ஜிரா பிறந்தது 2002இல், சிட்னியில். மைக் கெனன்-புரூக்ஸ், ஸ்கொட் ஃபார்குவர் என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய அட்லாசியன் கம்பனி செய்தது. அவர்கள் அதற்கு முன் பாவித்த, மென்பொருள் பிழைகளைப் பதிகிற கருவியின் பெயர் பக்ஸில்லா. அதிலிருந்து கொட்ஸில்லா ஞாபகம் வர, அந்தப் பூதத்தின் யப்பானியப் பெயரான கொஜிராவின் தலையை வெட்டி ஜிரா என்று வைத்தார்கள். பெயரிலேயே விசயம் இருக்கிறது. பிழையைப் பதிவது, ஒருவரிடம் கொடுப்பது, திருத்தியதும் மூடுவது. இதற்காகப் பிறந்த சாமான் அது. மற்றத் துறைக்காரருக்கு இது பொருந்தவில்லை என்று கம்பனிக்கே தெரிந்திருக்கிறது. 2015இல் ஜிரா கோர் என்று அவர்களுக்கென ஒன்றை விட்டார்கள், 2021இல் ஜிரா வேர்க் மனேஜ்மென்ட் என்று இன்னொன்று, 2024இல் அதையும் டெவலப்பர்மாரின் ஜிராவோடு திரும்ப ஒன்றாக்கிவிட்டார்கள்.

மென்பொருள் செய்கிறவர்கள் வேலையை ஸ்பிரிண்ட் என்ற துண்டுகளாகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் இரண்டு கிழமை ஒரு துண்டு. முடியாமல் மிஞ்சிய டிக்கெட், அதாவது வேலைத் துண்டு, அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும். இதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு பட்டன் இன்றைக்குப் பதிலாக இரண்டு கிழமை கழித்து வேலை செய்தால் உலகம் அழியாது. பெருநாள் விளம்பரம் அப்படியா? அந்தப் பிள்ளையின் வீடியோ டிக்கெட்டும் மரியாதையாக அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போனது. மிஞ்சியதெல்லாம் அங்கே போவதுதானே வழக்கம் என்று ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அது வெளியே வந்தபோது பார்சல் அனுப்பும் நாள் போய்விட்டது.

இரண்டாவது பிழை கொப்பியில். ஜிராவில் ஒரு டிக்கெட்டை குளோன் செய்தால் பழைய கடைசித் திகதியும் கூடவே வரும். அவள் எல்லாத் திகதியிலும் வருடத்தை மட்டும் மாற்றியிருந்தாள். பொங்கலுக்கு அது சரிவரும், தை 1 எப்போதும் ஜனவரி 14 அல்லது 15. நத்தாருக்குச் சொல்லவே வேண்டாம். ரமழானுக்கு? பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் கிழமை, சித்திரைப் புதுவருடத்தோடு ஒட்டி வந்தது. 2025இல் மார்ச் 31. பத்து நாள் அங்கேயே போய்விட்டது. (2030இல் பாருங்கள், ஜனவரியில் ஒரு ரமழான் தொடங்கும், டிசம்பர் கடைசியில் இன்னொன்று தொடங்கும். "வருடத்துக்கு ஒரு முறை" என்று கொம்பியூட்டருக்குச் சொல்லி வைத்தவர்கள் அன்றைக்கு என்ன செய்வார்களோ!)

கறுத்தக்கொழும்பான் விற்கிறவர்களுக்கு இதைவிடக் கரைச்சல். மாம்பழம் எந்தக் கலண்டரையும் பார்ப்பதில்லை. பூ எப்போது பூத்தது, மழை எப்போது கொட்டியது என்பதைப் பார்த்துத்தான் சாவகச்சேரிச் சந்தைக்கு வரும்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். திரும்பத் திரும்ப வருகிற விளம்பர வேலையில் திகதியைக் கொப்பி பண்ணக்கூடாது, நாள் இடைவெளியைத்தான் கொப்பி பண்ண வேண்டும். பெருநாளை பூச்சியம் என்று வையுங்கள். துணி முடிவாவது 75 நாள் முன். படம் எடுப்பது 50 நாள் முன். விளம்பரம் தொடங்குவது 40 நாள் முன். லண்டன் பார்சலுக்குக் கடைசி 21 நாள் முன். இந்த எண்ணிக்கை கடைக்குக் கடை வேறுபடும், எழுதி வைக்கிற முறை எல்லோருக்கும் ஒன்றுதான். பூச்சிய நாளை மாற்றினால் மற்ற எல்லாம் தானாக நகர வேண்டும். ஜிராவில் ஓட்டோமேஷன் விதி எழுதி இதைச் செய்யலாம், "பெரிய வேலையின் கடைசித் திகதியிலிருந்து இத்தனை நாள் கழி" என்று சொன்னால் அது கேட்கும். ஆனால் அதை ஆராவது டெவலப்பர் ஒருக்கால் உட்கார்ந்து எழுதித் தரவேண்டும். அவர்களிடம் கேட்க எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கேட்கட்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுப் ப்ரொஜெக்ட் திறக்கிற பழக்கம். "ரமழான் 2024", "புதுவருடம் 2024", "தீபாவளி 2024" என்று அந்தப் பிள்ளையின் திரையில் ஒரு நீள வரிசை. ஒன்றில் படித்த பாடம் மற்றதற்குப் போகவில்லை. விளம்பரத்துக்கு ஒரே ஒரு ப்ரொஜெக்ட் போதும். அதற்குள் ஒவ்வொரு பண்டிகையும் ஒரு எபிக், அதாவது பல சின்ன வேலைகளை அடக்கிய பெரிய வேலை. கடைசிச் சின்ன வேலையின் பெயர் "அடுத்த முறைக்கு". என்ன பிந்தியது, ஏன் பிந்தியது என்று நாலு வரி. அதை எழுதாமல் எபிக்கை மூடக்கூடாது.

எங்கள் பள்ளிக்கூடங்களும் இதில் ஒன்றும் கெட்டித்தனமில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டி ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஒவ்வொரு வருடமும் ஓடுபாதைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்று புதிதாகத்தான் விசாரிக்கிறோம். போன முறை பொறுப்பாக இருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் கோப்பும் அவரோடு போய்விடும். சொல்லிக்கொள்ள எங்களுக்கே வெட்கம்.

அப்போ ஜிராவை விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். இணையத்தளத்தில் பெருநாள் பக்கம் போடுவது டெவலப்பர்தான் என்றால் அவர் பார்க்கிற இடத்திலேயே உங்கள் வேலையும் இருப்பது நல்லது. விளம்பர வேலையை மட்டும் ஸ்பிரிண்டுக்குள் போடாதீர்கள், கடைசித் திகதிப்படி கலண்டரில் வைத்துப் பாருங்கள். டெவலப்பரே இல்லாத சின்னக் கடைக்கு அது தேவையில்லை. தமிழ்நாட்டுக்காரரின் ஸோஹோ ப்ரொஜெக்ட்ஸில் வார்ப்புரு வைத்து அதிலிருந்து புது வேலையைத் தொடங்கலாம். ஸ்பிரிண்ட் வேண்டுகிறவர்களுக்கு அவர்கள் ஸோஹோ ஸ்பிரிண்ட்ஸ் என்று வேறாகவே வைத்திருக்கிறார்கள், அந்தப் பிரிப்பு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பேர் நடத்துகிற வியாபாரத்துக்குச் சுவர்க் கலண்டரும் சிவப்புப் பேனையும் தாராளம்.

அந்தப் பிள்ளை இப்போது தன் எபிக்கைத் திரும்பக் கட்டியிருக்கிறாள். வேலைகள் எல்லாம் பூச்சிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டிருக்கின்றன. ஒன்று மட்டும் மிச்சம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவிப்பு வரும்வரை பெருநாள் நாளைக்கா மறுநாளா என்று எவருக்கும் தெரியாதே? அதற்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறாள்: "பிறை பார்க்கும் இரவு. வாழ்த்துப் படம் தயார். வெளியிடுகிற ஆள் முழித்திருக்க வேண்டும்."

பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடை முதலாளியின் பெயரைப் போட்டிருக்கிறாள்.