ஆண்டகை, ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்

மேதகு பேராயர் பிரான்சிஸ் காலிஸ்ட் ஆண்டகை அவர்களுக்கு,



2022 மார்ச் 19 அன்று தாங்கள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராயர் என்று அறிவிப்பு வந்தது. மீரட்டில் ஆயராக இருந்தவர், சொந்த மாவட்டம் கன்னியாகுமரி என்பதற்கு மேல் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் தங்கள் படிப்பையோ வடநாட்டில் செய்த பணியையோ விசாரிக்கவில்லை. “என்ன ஆளுங்க?” என்றுதான் விசாரித்தார்கள். கொஞ்சம் கூச்சப்பட்டவர்கள், “சாமிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்தார்கள்.

இந்த முறையும் தலித் ஒருவரை நியமிக்கவில்லையே என்று தலித் கிறிஸ்தவ அமைப்புகள் வெளிப்படையாகவே எதிர்த்தன. ‘ஆயரிடம்கூட சாதி பார்க்கிறார்களே’ என்று அவர்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அப்படிச் சுளித்தவர்களில் எத்தனை பேர், பிள்ளைக்கு வரன் தேடும்போது சாதியைக் கேட்காமல் ஞானஸ்நானச் சான்றிதழை மட்டும் கேட்டிருப்பார்கள்?

ஆயர் ‘என்ன ஆளு’ என்று பார்ப்பது இங்கே மட்டுமல்ல. நைஜீரியாவில் அஹியாரா என்றொரு மறைமாவட்டம். 2012 டிசம்பரில் அங்கே பீட்டர் ஒக்பலேக்கே ஆயராக நியமிக்கப்பட்டார். அவர் எங்கள் ம்பைசே இனத்தவர் இல்லை என்று குருக்களும் மக்களும் அவரை உள்ளேயே விடவில்லை. 2017 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் பொறுமையிழந்தார். அந்த மறைமாவட்டத்தின் ஒவ்வொரு குருவும் மன்னிப்புக் கேட்டுத் தனிப்பட்ட முறையில் 30 நாளுக்குள் கடிதம் எழுத வேண்டும், தவறினால் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்படுவார் என்றார். கடைசியில் 2018 பிப்ரவரியில் ஒக்பலேக்கேதான் விலகினார். 2022 ஆகஸ்ட் 27 அன்று அதே திருத்தந்தை அவரைக் கர்தினாலாக்கினார். அதே நாளில் கர்தினாலானவர் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, இந்தியாவின் முதல் தலித் கர்தினால்.

இங்கே நடந்த எதிர்ப்பையும் அஹியாரா கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஓர் இனம் தன் இடத்தை இன்னொருவருக்குத் தர மறுத்தது. இங்கே மறுக்கப்பட்டே பழகியவர்கள் இடம் கேட்கிறார்கள். திருச்சபையில் அவர்கள் சிறுபான்மையும் இல்லை. பல பங்குகளில் ஞாயிறு பூசைக்குக் கோவிலை நிறைப்பவர்களே அவர்கள்தாம்.

எறையூர் தங்கள் ஆளுகைக்குள் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், அன்று எங்கள் விழுப்புரம் மாவட்டம். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், தலித் கிறிஸ்தவர்களுக்கு வேறொன்று. சடலம் ஏற்றும் தூம்பா வண்டியும் தனித்தனி. தலித் மக்கள் தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக்கும்படி கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது மோதலாகி, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவிடம் செபமாலை சொல்கிறவர்கள். ஆயரை ஏற்க மறுத்த அஹியாராவுக்கு 30 நாள் கெடு விதித்த திருச்சபை, சகோதரனின் பிணத்தைத் தன் தூம்பாவில் ஏற்ற மறுத்தவர்களிடம் என்ன கடிதம் வாங்கியது?

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. தாங்கள் இருக்கும் புதுச்சேரியிலேயே 1745இல் கோவிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை ஒரு குரு இடிக்க வைத்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வடக்கன்குளம் கோவிலில் சாதி பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் உயர் நீதிமன்றம் வரை வழக்கு. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரோமுக்கு வந்திருந்த தமிழக ஆயர்களிடம், தலித் மக்களை ஒதுக்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகுதான் எறையூரில் துப்பாக்கிச் சூடு.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்த நாள் அது. ‘மதம் மாறினாலும் சாதிக் கொடுமை போகவில்லை’ என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கிறோம். பங்குப் பேரவையில் அதையே ஒருவர் எழுந்து சொன்னால், ‘நம்ம பங்கில் அதெல்லாம் இல்லை, உட்காருங்க’ என்கிறோம். டெல்லியில் இருக்கும் சாதி திண்டிவனம் தாண்டியதும் மறைந்துவிடுமா?

எங்கள் திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோவிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்க மாட்டான் என்று சுற்றுவட்டாரமே நம்புகிறது. வேதக்காரன் நான் அதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும், ‘எங்கள் பங்கில் சாதி இல்லை’ என்று அங்கே வந்து சொல்ல எத்தனை பேரவைக்காரர்கள் துணிவார்கள் என்று பார்க்க ஆசை.

அடுத்த ஆயர் யார் என்பதைத் தாங்கள் முடிவு செய்வதில்லை என்று தெரியும். திருத்தந்தையின் தூதர் இரகசியமாக விசாரித்துப் பெயர்களை அனுப்புவார், ரோமாபுரி முடிவு செய்யும். ஆனால் தங்களிடம் கேட்பார்கள். குருமடத்தில் யாரைச் சேர்ப்பது, மேல்படிப்புக்கு யாரை ரோமுக்கு அனுப்புவது என்பதெல்லாம் தங்கள் கையில்தான் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் தங்கள் கையில் இருக்கிறது. திருவிழாவுக்கு அழைக்கப் பேரவைக்காரர்கள் பழத்தட்டோடு பேராயர் இல்லத்துக்கு வருவார்கள். அவர்களிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: ஒரே கல்லறை, ஒரே தூம்பா, காலனித் தெருவுக்குள்ளும் தேர். கீழே பேரவையில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அஹியாராவுக்குக் கொடுத்த அதே 30 நாள் தவணை போதும். கடிதம் வராத பங்குக்குக் கொடியேற்றத் தேதி தராதீர்கள்.

தங்கள் மந்தையில் ஒருவன்,
திருவாமாத்தூர்